எல்லாம் பழைய மாதிரியே இருக்கட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள்.

அன்பு மகள் கார்த்திகாவுக்கு அம்மா மாரிச்செல்வி எழுதுவது.

முதலில் ஒன்று செய். இதை வாசித்து முடிக்கும் வரை மெயிலைத் திறக்காதே. போன வாரத்திலிருந்து என் பெயரில் ஏதாவது வந்திருந்தால் அதை எழுதியது நான் இல்லை. அதற்குப் பதில் போடாதே. ஏற்கெனவே போட்டிருக்க மாட்டாய் என்று நம்பிக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வற்றியதா? உப்பைக் குறை. ஊறுகாயைத் தொடாதே என்றால் கேட்கவா போகிறாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். படுக்கும்போது இடது பக்கமாகப் படு.

இதை மாப்பிள்ளையின் கம்பெனி முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அவர் வாயால் சொன்ன முகவரி அது. அரவிந்தவல்லி அப்போதே தன் அடுக்களைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தாள். பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த புண்ணியத்துக்கு இன்னும் என்னவெல்லாம் படப்போகிறாளோ. அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆண்டாளைச் சேவித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். திருவிழாக் கூட்டம், தாமதமானாலும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

உன் போன் நம்பர் எனக்கு வேண்டாம், தெரிந்திருந்தால் உளறிவிடுவேன் என்று நான்தான் அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கு அது கையில் இருந்தால் அரவிந்தவல்லியின் போனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பேன். மெயில் ஒன்றே போதும் என்று இருந்துவிட்டோம். அந்த மெயில்தான் இப்போது கைமாறிப் போயிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். எம்ப்ராய்டரி ஆர்டர்களுக்கு வைத்திருந்த என் பழைய கம்ப்யூட்டர் லட்சணம் உனக்குத் தெரியும். ஒரு பிளவுஸ் கழுத்து டிசைனைத் திறக்கச் சொன்னால், அது திறப்பதற்குள் நான் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வரலாம். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர்கள் குவிகிற நேரத்தில் அது அடிக்கடி அணைந்துபோக ஆரம்பித்தது. உன் அப்பா புதுசு ஒன்று வாங்கி வந்து மேஜையில் வைத்தார். நான் கேட்கவில்லை. நீ போன பிறகு எனக்கென்று அவர் வாங்கிய முதல் பொருள் அது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் பயம்தான் வந்தது. ஏனென்றால் பழைய கம்ப்யூட்டரில் நீ இருந்தாய்.

உன் கல்யாணப் படம், ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் எடுத்தது, மாப்பிள்ளையின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடக்குமே, அது. நீ அனுப்பிய ஸ்கேன் படம். எல்லாவற்றையும் ‘பழைய நைட்டி கழுத்து’ என்று பெயர் வைத்த ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். நைட்டிக் கழுத்தைத் திறந்து பார்க்க எந்த ஆம்பிளைக்கும் தோன்றாது. அதை அப்படியே பென் டிரைவில் ஏற்றி உளுந்து டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். குப்பையையும் காலி செய்தேன். மாரிச்செல்வி, நீ பெரிய கெட்டிக்காரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒயர் மாட்டி உட்கார்ந்தார். மில்லில் கம்ப்யூட்டர் செக்ஷனில் இருக்கிறவர், இதற்குப் போய் இன்னொருத்தரைக் கூப்பிடுவாரா? பச்சைக் கோடு நகர நகர மாங்காய், அன்னம், கொடிமல்லி என்று என் டிசைன் பெயர்கள் ஓடின. நான் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். நைட்டிக் கழுத்து வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அப்போது அவர், “ஃபைலு மட்டும் போதுமா, செட்டிங்ஸும் சேத்து மாத்தணுமா?” என்று கேட்டார். ஃபைல் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கலாம். எம்ப்ராய்டரி சாஃப்ட்வேரில் நூல் கலர், தையல் நெருக்கம், பிரேம் அளவு எல்லாம் நான் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வைத்தது. அதை மறுபடியும் முதலிலிருந்து யார் வைப்பது? “அம்புட்டும் வேணும். எல்லாம் பழைய மாதிரியே இருக்கட்டும்” என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்து, “அதான் சொல்லுதேன்ல” என்று கத்தினேன். கேட்டு வாங்கியது நான்தான், கார்த்திகா. அவர் தானாக ஒன்றும் செய்யவில்லை.

செட்டிங்ஸ் என்றால் நூல் கலர் என்றுதான் எனக்குத் தெரியும். நெட்டைத் திறந்தால் மெயிலும் தானாகத் திறந்துகொள்வதும், பாஸ்வேர்டைத் தானாகப் போட்டுக்கொள்வதும் செட்டிங்ஸில் சேர்ந்ததுதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ போட்டுக் கொடுத்த அந்த மெயிலுக்கு நான் ஒருநாளும் பாஸ்வேர்டு அடித்ததில்லை. நீதான் கிளம்புவதற்கு முன்னால் அடித்தாய். இனி அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும் அம்மா என்றாய். வைத்துக்கொண்டது. புதுசுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டது.

நெட் வருகிறதா பார்ப்போம் என்று அவர் தட்டியதும் நம் மெயில் திறந்திருக்கிறது. நான் அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்தேன். “ஏட்டி, ஒனக்கு மெயில் எல்லாம் இருக்கா? சொல்லவே இல்லையே” என்று சிரித்தார். கரண்டி கையிலிருந்து நழுவியது. தெருமுனைத் தையல் கடை மாரிக்கனி டிசைன் அனுப்புவதற்காகப் போட்டுக் கொடுத்தாள் என்று சொன்னேன். “அப்படியா” என்றார். எழுந்து வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். தட்டைத் தூக்கி வீசியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் ஓடிப்போய் பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தேன். பழைய பாஸ்வேர்டை அடி என்றது. அது எனக்கு எங்கே தெரியும்? வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்தான் நிற்கின்றன. உனக்கு ஒரு வரி எழுதிவிடலாம் என்று கையை வைப்பதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டுவிட்டது. அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரில் எனக்குத் தனி, அவருக்குத் தனி என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். என் பக்கத்தைத் திறந்தால் டிசைன்கள் மட்டும் இருக்கின்றன. மெயில் அவர் பக்கத்தில். அதற்கு அவர் விரலை வைக்க வேண்டும். இங்கே வந்ததும் அரவிந்தவல்லியின் போனில் மெயிலைத் திறக்க முயன்று பார்த்தோம். உன் பிறந்த நாள், நம் வீட்டு நம்பர், நீ வளர்த்த நாய்க்குட்டி பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. அதுவும் எங்களைச் சந்தேகப்பட்டுப் பூட்டிக்கொண்டது. உன் மெயில் முகவரியும் அதற்குள்தான் இருக்கிறது, எனக்கு மனப்பாடமா என்ன?

பழைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போக சிவபாண்டி வந்தான். சின்ன வயசிலிருந்து கார்த்திகா, கார்த்திகா என்று உன் பெயரைச் சொல்லியே வளர்ந்த அத்தை மகன், இப்போதெல்லாம் உன் பெயரை எடுப்பதே இல்லை. போகிறபோது, “அத்த, இதுல அழிச்சதக்கூட திரும்ப எடுத்துரலாம், தெரியுமா?” என்று சொல்லிவிட்டுப் போனான். விளையாட்டாகச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவனும் அப்பாவும் மொட்டைமாடியில் நின்று ஒரு படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணி எடுக்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். நீ ஆஸ்பத்திரி வாசலில் நின்று எடுத்து அனுப்பினாயே, அந்தப் படம். அவர்கள் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் இருக்கிற போர்டைப் பார்த்தார்கள்.

ஆண்டாள் கோவிலில் கொடி ஏறிய அன்று அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் இட்லிக்கு மாவு வழித்துக்கொண்டிருந்தேன். “புள்ளைக்கு ஏழாம் மாசம் பொறந்துருக்குமே” என்றார். நீ உண்டாகியிருப்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. “ஆடி முடியட்டும். ஆவணியில வளகாப்பு வச்சிருவோம். தலப்பிரசவம் பெத்தவ வீட்லதான பாக்கணும்? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நீயே எழுதி வரச் சொல்லு. நீ கூப்பிட்டா வருவா” என்றார். கையில் மாவு இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றேன். “சரி, நான் எழுதிக்கிடுதேன். ஒன்ன மாதிரியே எழுதணும், அம்புட்டுதான? புள்ளய நீ தங்கம்னுதான கூப்புடுவ?” என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதத்தில் உன்னை அப்படிக் கூப்பிடவில்லை. நம் மெயில் முழுவதையும் வாசித்திருக்கிறார். நான் எப்படி ஆரம்பிப்பேன், எங்கே திட்டுவேன், எப்படி முடிப்பேன், எல்லாம் இப்போது அவருக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டாரே என்றுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அது உன் தொட்டில் காலத்திலிருந்து நான் சொல்லி வந்தது.

மனசு மாறியிருக்குமோ என்று நீ நினைப்பாய். பேரப்பிள்ளை என்றதும் எத்தனையோ பேர் மாறியிருக்கிறார்கள். நானும் ஒருநாள் முழுக்க அப்படி நினைத்துப் பார்த்தேன். நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. உனக்கு என் கையால் வளையல் அடுக்க வேண்டும், ஏழு வகைச் சாதம் கிண்ட வேண்டும், உன்னை முன்னறையில் படுக்க வைத்து வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று எனக்கு இல்லாத ஆசையா? அவர் சொன்ன ஒவ்வொன்றும் நான் சொல்ல வேண்டியது. அதுதான் என்னைக் கொல்கிறது.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. நீங்கள் போன அன்று சிவபாண்டி ஆட்களைக் கூட்டிக்கொண்டு மகாராஜபுரத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினான். வண்டியில் சாக்குக்குள் என்ன இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அப்பாதான் வாசலில் நின்று தடுத்தார். நல்ல மனுஷன் என்று கையெடுத்துக் கும்பிடப் போனேன். அப்போது அவர் அவனிடம், “இப்ப வேண்டாம்ல. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. பொறுத்துச் செய்வோம். அவளே ஒருநா வருவா” என்றார். இத்தனை நாளும் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டேன். பொறுத்திருந்த நாள் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிகிறது.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. சேவித்தாயா, கூட்டம் எப்படி என்று கேட்டார். சேவித்தேன் என்றேன். “பஸ்ஸுல நெரிசலா இருக்கும். அரவிந்தவல்லி வீட்லயே இரு. நான் வண்டியில வாரேன், சேந்து போவோம்” என்றார். இவள் வீட்டில் இருக்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை. இவள் பெயரையும் மெயிலில் எங்கோ எழுதியிருக்கிறோம் போல. விஷயத்தைச் சொன்னதும் அரவிந்தவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், “நீ எழுதி முடிடி, நான் வாசல்ல நின்னு பாத்துக்கறேன்” என்று போய் நிற்கிறாள். அவசரத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆஸ்பத்திரிக்கு இனிமேல் போகாதே. வேறு டாக்டரைப் பார். வீட்டை மாற்றச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல். அங்கே இருக்கிற போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பேரும் போய், இன்னார் இன்னாரிடமிருந்து உயிருக்குப் பயம் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். இங்கே போவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளை தன் அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்கு வருகிறேன் என்று சொன்னால் விடாதே, காலைப் பிடித்தாவது நிறுத்து. அவரை நான் நேரில் ஒரு தடவைகூட மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. முத்துப்பாண்டி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அதுவும் கோபத்தில். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

வளைகாப்பை அங்கேயே வைத்துக்கொள். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிடு, எந்தப் பாஷைக்காரர்களாக இருந்தால் என்ன, வளையல் போட்டுவிட எல்லாருக்கும் தெரியும். வேப்பிலை கிடைத்தால் அதில் ஒரு காப்புச் செய்து முதலில் போட்டுக்கொள். போட்டோ எடுக்காதே. எடுத்தாலும் யாருக்கும் அனுப்பாதே.

இனி அவர் என்னென்ன எழுதுவார் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் வளைகாப்புக்கு வா என்று வரும். நீ அசையாவிட்டால் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று வரும். அதற்கும் வராவிட்டால் நான் செத்துப்போனேன் என்று வரும். எந்த மகளும் அதற்கு மேல் தாங்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். வராதே. வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டை மிதிக்கக் கூடாது என்பதும் முறைதான், அதைப் பிடித்துக்கொள். பிள்ளை பிறந்த பிறகு அந்தச் சேதி வந்தாலும் வராதே. மெய்யாகவே நான் போய்ச் சேர்ந்திருந்தாலும் வராதே கார்த்திகா. பெற்றவளுக்கு ஒரு வாய்க்கரிசி போட வரவில்லை என்று ஊர் பேசும். பேசிவிட்டுப் போகட்டும். நீ அங்கேயே தலைக்கு ஒரு செம்பு ஊற்றிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிப் பால் கொடு. எனக்கு அதைவிடப் பெரிய காரியம் வேண்டாம்.

அரவிந்தவல்லி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கொல்லைப்புற வழியாகப் போய்த் தபாலில் சேர்த்துவிடுவாள். நான் முகத்தைக் கழுவி, குங்குமம் இட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்க வேண்டும். பிரசாதம் எங்கே என்று அவர் கேட்டால் காட்டுவதற்கு இவள் துளசி கொஞ்சம் கொடுத்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் ஆகாது. நீ அதை நினைத்து அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆண்டாள் உனக்குத் துணை இருப்பாள். நீயும் பிள்ளையும் மாப்பிள்ளையும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். சுகமாகப் பெற்றெடு. இதற்குப் பதில் எழுதாதே. இந்த வீட்டு முகவரிக்கும் எழுதாதே, இதுவும் இனி அவருக்குத் தெரிந்த வீடு. ஆணா பெண்ணா என்று தெரிவிக்க வேண்டாம். உன்னிடமிருந்து ஒன்றும் வராத ஒவ்வொரு நாளும் நீ உயிரோடு, சௌக்கியமாக இருக்கிறாய் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா.